இதயத்தைத் தாக்கும் காரீயம்: பொறுப்பு யாருடையது?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாரடைப்புக்கு ஆளான ஒருவரிடம் மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்விகள் அனைவரும் அறிந்தவை. புகைபிடிப்பவரா? உப்பும் எண்ணெயும் மிகுதியாக உண்பவரா? உடற்பயிற்சி உண்டா? இவை தேவையான கேள்விகளே. ஆனால், எந்தத் தொழிலில் உழைத்தார், வீட்டருகே எந்த உலை எரிகிறது என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. நோயின் பொறுப்பு முழுவதும் நோயாளியின் பழக்கங்கள் மீதே சுமத்தப்படுகிறது. இது எத்துணைப் பிழையானது என்பதற்குக் காரீயம் ஒன்றே போதிய சான்றாகும்.

பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவது வெள்ளீயம்; அது வேறு. பேட்டரியிலும் பழைய வண்ணப்பூச்சுகளிலும் இருப்பது காரீயம். உடல் இதனைச் சுண்ணாம்புச்சத்து எனக் கருதி ஏற்றுக்கொள்கிறது. வயதுவந்தோர் உடலில் சேரும் காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்கு எலும்பில் படிந்து, பல பத்தாண்டுகள் தங்கி, சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும் ஆற்றல் குறைகிறது; சிறுநீரகம் பழுதடைகிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது. அந்தச் சுமையை இறுதியில் இதயமே தாங்க வேண்டியிருக்கிறது.

காரீயம் தொழிலாளரை நஞ்சூட்டுகிறது என்பது புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலில் காரீயம் கலந்த மெருகுநீரில் கைகளை நனைத்து உழைத்தோர் அடைந்த துன்பத்தை எங்கெல்ஸ் 1845ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். புதிதாகத் தெளிவடைந்திருப்பது, தொழிற்கூடத்திற்கு வெளியே உள்ளோரையும் மிகக் குறைந்த அளவிலேயே அது தாக்குகிறது என்பதாகும். அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியாயிற்று. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தோரோடு ஒப்பிடுகையில், 6.7 மைக்ரோகிராம் இருந்தோர் இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. தீங்கற்ற அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. உலக வங்கி ஆய்வாளர் இருவரின் கணக்குப்படி 2019இல் மட்டும் 55 இலட்சம் பேர் காரீயத்தால் விளைந்த இதய, இரத்தக்குழாய் நோய்களால் மாண்டனர். மதிப்பீடுகள் வேறுபடினும், குறைந்த மதிப்பீடே பல இலட்சமாகும். இம்மரணங்களில் பெரும்பகுதி ஏழை நாடுகளில் நிகழ்கிறது.

இந்தியாவில் இந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வண்ணப்பூச்சில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கு என்னும் வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எஞ்சி நிற்பது பழைய பேட்டரி. தில்லி, உத்தரப் பிரதேசம், பீகார் நகரங்களில் ஓடும் மின்ரிக்‌ஷாக்களில் மிகப் பெரும்பாலானவை காரீய அமில பேட்டரிகளையே நம்பியிருந்தன. அவை விரைவில் தேய்ந்துபோகின்றன. பழைய பேட்டரியைக் கோடரியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த உலையில் காரீயத்தை உருக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இயங்குகின்றன. தொழிலாளியின் உடையில் ஒட்டிய தூசு அவருடைய வீட்டுக்கும் செல்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலிடத்தில் நின்றதே காரீய நஞ்சேற்றம். ஆனால் அச்சட்டத்தின்படி, மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துத் தொழிலாளருக்குக் குறைவாக இருந்தால் அது தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் வரவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ அவ்வெண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. ஐந்தாறு பேர் உழைக்கும் உலை முன்னரும் கண்காணிப்புக்கு எட்டவில்லை. இப்போது இன்னும் தொலைவில் நிற்கிறது.

இந்நிலை மாற்ற முடியாததா? அன்று. அமெரிக்காவில் பெட்ரோலிலிருந்து காரீயம் அகற்றப்பட்ட ஆண்டுகளில் மக்கள் இரத்தத்தில் அதன் அளவு முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்டக் காரீயக் குரோமேட்டைக் கலந்து வந்தனர். அரசு மக்களை எச்சரித்து, வணிகரைத் தண்டித்தபின், கலப்படம் காணப்பட்ட சந்தை மாதிரிகள் 2019இல் இருந்த 47 சதவீதத்திலிருந்து 2021இல் பூஜ்யமாயின. தனிமனிதர் எவரும் நடைப்பயிற்சியால் இதனைச் சாதித்திருக்க இயலாது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக அமைய வேண்டும். பேட்டரி உற்பத்தியாளர், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்னும் 2022ஆம் ஆண்டு விதி ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. இஎஸ்ஐ மருந்தகங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இரத்தத்தில் காரீயப் பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். எத்தனை பேர் உழைத்தாலும் காரீய உலை ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். அதே வேளை, உலைத் தொழிலாளரைக் காவல்துறையால் விரட்டுவது தீர்வன்று. அவர்கள் வேறொரு சந்துக்கு இடம்பெயர்வார்கள், நஞ்சும் உடன் செல்லும். பாதுகாப்பான வேலையும் ஊதியமும் உறுதி செய்யப்பட வேண்டும்.

மின்ரிக்‌ஷா ஓட்டுநர் சங்கத்திலும் பழைய பொருள் சேகரிப்போர் நடுவிலும் பணியாற்றும் தோழர்கள் இவ்விவரங்களை அவர்கள் மொழியில் கொண்டுசெல்லல் வேண்டும். அடுத்த முறை ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது, அவருடைய பழக்கத்தை மட்டும் விசாரித்து நின்றுவிடாமல், அவருடைய வேலையிடத்தையும் விசாரிக்கும் சங்கமே அவருடைய சங்கம்.