விசுவாசத்தினால் வரும் நீதி



விசுவாசம் ஒன்றினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்பது லுத்தரின் உபதேசம். அப்படியானால் நற்கிரியைகள் எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்கத் தகுந்த கேள்விதான்.

1505-ஆம் ஆண்டு எர்ஃபர்ட் நகரத்து அகஸ்டீனியத் துறவு மடத்தில் சேர்ந்தபோது மார்ட்டின் லுத்தருக்கு வயது 21. உபவாசம், இராவிழிப்பு, ஓயாத பாவ அறிக்கை யாவற்றையும் பிறரினும் மிகுதியாகச் செய்தார். மனம் அமைதியுறவில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்று அவருக்குச் சொல்லுவார் எவருமில்லை. தேவநீதி என்னும் சொல்லே, பாவியைத் தண்டிக்கும் நீதியென்று அவரை நடுங்கச் செய்தது. பின்னர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்து வருகையில், பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தை இரவும் பகலும் ஆராய்ந்தார். கிறிஸ்துவின் நிமித்தம் தேவன் மனிதனுக்கு இலவசமாய் அளிக்கும் நீதியே அங்குச் சொல்லப்படுகிறதென்று கண்டார். அந்த ஈவைப் பெற்றுக்கொள்ளும் வெறுங்கையே விசுவாசம். விசுவாசத்தையும் ஒரு சாதனையாக்கிப் பெருமை பாராட்டுவோர் உண்டு; அவர்கள் லுத்தரைப் படித்தவர்களல்லர் என்பேன்.

1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 95 வாதங்களை வெளியிட்டதை அனைவரும் அறிவீர்கள்.

இனி, கேள்விக்கு வருவோம். கூலியாள் மாலையில் கணக்குப் பார்க்கிறான். பார்க்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பெரியாது. பிள்ளையோ வீட்டு வேலையை ஓடியாடிச் செய்தாலும் தகப்பனிடம் கூலி கேட்பதில்லை. வீடு தன்னுடையதென்று அவன் அறிவான். 1520-இல் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைக் குறித்து லுத்தர் எழுதிய நூலில் இக்கருத்தே விரிகிறது. நற்கிரியை மனிதனை நல்லவனாக்குவதில்லை. நல்லவனாக்கப்பட்டவனே நற்கிரியை செய்கிறான். அக்கிரியையின் பயன் அயலானைச் சேருகிறது.

கிரியையே தேவன்முன் தகுதி ஆகாதெனில், பிறப்பு எப்படித் தகுதியாகும்? இவ்வுபதேசத்தில் நம்மவருக்கு உயிரான இடம் இதுவே. 1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது இவ்வுபதேசமும் அவர்களுடன் நம் மண்ணுக்கு வந்தது. பிரசங்கபீடத்தில் கிருபை முழங்கிற்று. கீழே ஆலயத்திலோ சாதிக்கு ஓர் இருக்கை. பிறப்பையும் ஒரு நற்கிரியையாக எண்ணிய இவ்வழக்கம், எந்தச் சீட்டு விற்பனைக்கும் குறைந்த தவறன்று.

தஞ்சைப் படையில் வீரராயிருந்த இராஜநாயக்கன் பறையர் குலத்தவர். தஞ்சைப் பகுதியில் சிறந்த உபதேசியாராக விளங்கினார். குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆயினும் உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் அவர் கையினின்று இராப்போசனம் பெறமாட்டார்கள் என்று மிஷனெரிகள் அஞ்சினர். 1741-இல் தியோகு என்பவருக்கே அப்பட்டம் அளிக்கப்பட்டது. இராஜநாயக்கன் தம் வாழ்நாள் முடிய உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.