தாங்கிக்குப் பெரிய குழாய், கிணற்றுக்குச் சின்ன மோட்டர்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்குப் பருத்தித்துறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு திருத்தக் காசு கைக்கு வந்ததும் ஓடு, கதவு, சீமெந்து என்றுதான் கணக்குப் போடுவோம். குழாய் வேலை கடைசியில் வரும். அப்போது மிஞ்சியிருக்கும் காசில் பெரிய மோட்டர் ஒன்றை வாங்கி, குழாயை அரை அங்குலத்தில் முடித்துவிடுகிறோம். இது தலைகீழான செலவு.

முதலில் கிணற்றைப் பார்ப்போம். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வளவுக் கிணற்றின் கீழும் அதே கதைதான். கடற்கரைக்குக் கிட்ட என்றால் நன்னீர்ப் படை இன்னும் மெல்லியது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றால், கீழே உப்புநீரின் எல்லை காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலே வரும். துலாவால் இறைத்த காலத்தில் இந்தப் பயம் குறைவு. மனிதன் களைத்துப் போவான், மோட்டர் களைக்காது. கிணறு சவராகினால் அது உங்களோடு நிற்காது, பக்கத்து வளவுக்கும் போகும்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 500 லீற்றர்த் தாங்கி என்று வைப்போம். நிமிடத்துக்கு 25 லீற்றர் ஏற்றும் சின்ன மோட்டர் 20 நிமிடத்தில் அதை நிரப்பிவிடும். அரைக் குதிரைவலு போதும். தோட்டக்காரர் வைத்திருக்கும் இரண்டு அங்குல மெசின் வீட்டுக் கிணற்றுக்கு வேண்டாம். நெடுநாள் பாவிக்காத கிணற்றைத் துப்புரவாக்கும்போதும் ஒரே மூச்சில் அடிவரை இறைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புக் கூடும் என்று துப்புரவு செய்தவர்களுக்கே எச்சரிக்க வேண்டியிருந்தது.

மோட்டர் உறிஞ்சும் பக்கத்துக் குழாய், மோட்டரின் வாயை விட ஒடுக்கமாக இருக்கவே கூடாது. வாய் ஒரு அங்குலம் என்றால் குழாயும் ஒரு அங்குலம். புட்வால்வைக் கிணற்றின் அடியில் முட்டவிடாமல் இரண்டு மூன்று அடி மேலே தொங்கவிடுங்கள். சேறும் வராது, கிணறும் ஒட்ட வற்றாது.

இனித் தாங்கியிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்தடித் தூணில் நிற்கும் தாங்கியில் தண்ணீரைத் தள்ளுவது அந்த உயரம் மட்டுந்தான். அந்தச் சின்ன அமுக்கத்தை ஒடுங்கிய குழாய் வழியிலேயே தின்றுவிடும். குளியலறையில் பைப்பைத் திறந்தால் குசினியில் நூல்போல வடிவது இதனால்தான். மோட்டரை மாற்றினால் இது தீராது. உட்குறுக்களவு இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீர் ஐந்து ஆறு மடங்காகும். விலை அப்படி ஏறாது. ஆகவே தாங்கியிலிருந்து ஒரு அங்குலம், வீடு பெரிதென்றால் ஒன்றேகால். கிளை பிரியும் இடத்தில் முக்கால். பைப் பூட்டும் கடைசி மூன்று நான்கு அடி மட்டும் அரை.

இங்கிலாந்தில் பிள்ளைகள் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். குளிருக்குச் சுடுநீர் ஓடும் ரேடியேட்டர் அங்கே சுவரோரம் இருக்கும். அதற்கும் பல வீடுகளில் தாய்க்குழாய் 22 மில்லிமீற்றர், கிளைக்குழாய் 15 மில்லிமீற்றர்தான்.

எல்போவைக் குறையுங்கள். சில மேசன்மார் எல்போ மிச்சம் பிடிக்க நெருப்பில் காட்டிக் குழாயை வளைப்பார்கள். வளைவில் குழாய் நசுங்கி ஒடுங்கும், விடாதீர்கள். மின்வயர் போடும் குழாய் மலிவு என்று தண்ணீருக்குப் போடவும் வேண்டாம். எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது. கேத்திலின் அடியில் படிவதுபோலக் குழாய்க்குள்ளும் படியும், அதற்கும் இடம் விட வேண்டும்.

பழைய வீட்டில் இரும்புக் குழாய் மிஞ்சியிருந்தால் ஒரு துண்டை அரிந்து உள்ளே பாருங்கள். வெளியில் முக்கால் அங்குலமாகத் தெரிவது உள்ளே துருவேறிப் பென்சில் அளவுக்கு வந்திருக்கலாம்.

ஏற்கெனவே அரை அங்குலக் குழாய் வாங்கிவிட்டோமே என்று ஓர் அம்மா கேட்டார். எறிய வேண்டியதில்லை, அம்மா. அதைப் பைப்புக்குப் போகும் கடைசித் துண்டுகளுக்கு வையுங்கள். தாங்கியிலிருந்து கிளை பிரியும் இடம் வரைக்கும் மட்டும் ஒரு அங்குலம் வாங்கினால் போதும். குழாயை ஓர் அடி ஆழத்தில் தாட்டுவிடுங்கள், வெயிலில் கிடந்தால் வெடிக்கும். மண் மூடமுன் தாங்கியை நிரப்பி, எல்லாப் பைப்பையும் பூட்டி ஓர் இரவு விட்டு, விடிய மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள்.