மாத்திரையை நிறுத்துவது யார்?

(மும்பை மாதுங்கா லேபர் கேம்ப்பில் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருதயம் பலவீனப்பட்ட நம் ஆட்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் ஏசுகிறார்கள். வீட்டிலும் ஏசுகிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நாம் வீடு வீடாகப் போய்க் கேட்டோம்.

முதலில் வந்த பதில் கக்கூஸ்! சிரிக்க வேண்டாம். ரத்தத்தைத் தள்ளும் வலு இருதயத்துக்குக் குறைந்தால் உடம்பில் நீர் தேங்குகிறது. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அந்த நீரை வெளியேற்ற டாக்டர் ஃபுரோசமைடு என்னும் நீர் மாத்திரை தருகிறார். போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டும். வீட்டுக்குள் கக்கூஸ் இல்லாத தாராவித் தாய் என்ன செய்வாள்? பொதுக் கக்கூசில் வரிசை, ஒவ்வொரு முறைக்கும் காசு. மூட்டை சுமக்கிறவரை மேஸ்திரி எத்தனை தடவை விடுவார்? மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பெயர் அலட்சியமா, தோழர்களே?

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, பிற்பகலில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படி மாற்றித் தருவார்கள். இரவில் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும்.

அடுத்து ரயில், இது நமக்குத் தெரிந்த இலாகா. நாகர்கோவில் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாள். பொதுப் பெட்டியில் கக்கூஸ் வாசலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். ஆகவே போகும்போதும் மாத்திரை இல்லை, வரும்போதும் இல்லை. நடுவில் ஊரில் கோயில் கொடை, கருவாடு, ஊறுகாய். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். கொடைக்குப் போய் வந்தவர்கள் நேரே ஆஸ்பத்திரியில் படுப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். புறப்படுமுன் டாக்டரிடம் பயண நாளைச் சொல்லி, எந்த மாத்திரையை எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. எனலாப்ரில், மெட்டோபுரோலால், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை அன்றைக்கே சுகம் தெரியும் மருந்துகள் அல்ல. ஆனால் சாவைக் குறைப்பவை. எனலாப்ரிலுக்கு அது 1987-லும், ஸ்பைரனோலாக்டோனுக்கு 1999-லும் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. வண்டி கவிழவில்லை என்பதற்காகத் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனை வீட்டுக்கு அனுப்புவோமா? மெட்டோபுரோலாலைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. ஒரு வேளை தவறினால் மறுவேளை இரண்டாகப் போடவும் கூடாது.

இனி காசு. மாதக் கடைசியில் முப்பதுக்குப் பத்து வாங்குகிறோம். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தால்தான் பல மருந்துகள் இந்நாட்டில் மலிவாயின. 2005-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. டாபாகிளிஃப்ளோசின் என்ற புது மருந்து 2020-ல் காப்புரிமை முடிந்த பிறகே விலை இறங்கியது. மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் அல்ல, பொதுப் பெயரிலேயே விற்கும் நிலைக்குப் படிப்படியாக வர வேண்டும் என்று ஹாத்தி குழு 1975-லேயே சொல்லிவிட்டது. கேட்டார்களா? இன்றும் ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்கு வர, பாட்டி இரண்டையும் விழுங்குகிறாள். ஜன் ஔஷதி கடையில் பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கும். மாற்றும்போது பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இடுப்பு வலிக்கென்று டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடுகிறவர்களே, அவை நீரைத் தேக்கி இந்த வைத்தியத்தையே கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நகராட்சிக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு: நோயாளிக்கு ஒரே தடவையில் ஒரு மாத மாத்திரை, அட்டையில் பொதுப் பெயர் பெரிய எழுத்தில், சந்துக்குச் சந்து காசில்லாத கக்கூஸ். மகஜர் தயார், வெளியே போகும்போது கையெழுத்துப் போடுங்கள்.

சங்க அறையில் எடை பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறோம். தினமும் காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும். சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன் வந்து ஏறி நின்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் ஆஸ்பத்திரி கொடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே போக வேண்டும். இந்தியோ மராத்தியோ பேசத் தெரிந்த ஒரு பையன் உடன் வருவான்.