வெந்நீர் ஊறும் நகரில் இரண்டு நாள்



விடியற்காலையில் எழுந்து, பனியிலும் மழையிலும் பால் வெட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு ஒரு வாளி வெந்நீர் எவ்வளவு பெரிய சுகம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நீரை ஊற்றிய பாட்டிமார்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஆனால் அந்த வெந்நீருக்கு விறகு வேண்டும், அடுப்பு வேண்டும், புகையில் கண் கலங்க ஊதிவிட ஓர் ஆளும் வேண்டும். விறகும் அடுப்பும் இல்லாமல், பூமியே நாள் ஒன்றுக்கு 11 இலட்சம் லிட்டருக்கும் மேலாக வெந்நீர் காய்ச்சிக் கொடுக்கும் நகரம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் பாத். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குளியல் என்பதுதான் பொருள். அந்த நகரில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஓய்வாகக் கழிப்பதென்றால் எப்படிக் கழிக்கலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

சனிக்கிழமை காலையில் லண்டன் மாநகரில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாத் வந்துவிடும். ஏவன் என்ற ஆறு வளைந்து ஓட, சுற்றிலும் பச்சைக் குன்றுகள் நிற்க, நடுவில் தேன் நிறக் கல்லால் கட்டிய வீடுகள். நிலையத்திலிருந்து வெந்நீர் ஊற்றுக்கு நடந்தே போகலாம். பத்து நிமிடம்கூட ஆகாது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? அங்கே எரிமலை எதுவும் இல்லை. நகருக்குத் தெற்கே மெண்டிப் என்ற சுண்ணாம்புக்கல் குன்றுகள் உள்ளன. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கல்லில் நீர் எப்படிப் புகுந்து வழி தேடும் என்பது தெரியும். மெண்டிப் குன்றுகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழைதான் கல்லின் இடுக்குகளில் இறங்கி, இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே போய், அங்குள்ள பூமிச் சூட்டில் காய்ந்து, பிளவுகள் வழியாக மீண்டும் மேலே வருகிறது. வெளியே வரும்போது அதன் சூடு சுமார் 46 பாகை செல்சியஸ். நம் பேராக் மாநிலத்துச் சுங்கை கிளாவில் முட்டையையே வேக வைக்கிறார்கள். பாத் நகரத்து நீரில் முட்டை வேகாது; மனிதன் இறங்கி உட்காரலாம். அதுதான் அதன் சிறப்பு.

முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதற்கு அந்த ஊரார் ஒரு கதை சொல்வார்கள். பிளாடட் என்ற இளவரசனுக்குக் குஷ்டநோய் வந்ததாம். அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்டுப் பன்றி மேய்த்தானாம். அவனுடைய பன்றிகளுக்கும் தோல்நோய் தொற்றியது. அவை சூடான சேற்றில் புரண்டு புண் ஆறி வந்ததைக் கண்டு, தானும் இறங்கிக் குணமடைந்து, பிறகு அரசனானானாம். கதைதான், சரித்திரம் அல்ல. ஆனாலும் அந்நகரின் வைத்தியப் பெருமையைப் பன்றி மேய்த்தவனிடமிருந்து தொடங்கியிருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரித்திரத்துக்கு வருவோம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிப் படைகள் இங்கிலாந்தைப் பிடித்தன. அவ்வூர் மக்கள் அந்த ஊற்றில் சூலிஸ் என்ற பெண் தெய்வத்தை வணங்கி வந்தார்கள். ரோமர்கள் அத்தெய்வத்தை அகற்றவில்லை. தங்கள் மினர்வா தேவியோடு சேர்த்து, சூலிஸ் மினர்வா என்று பெயரிட்டுக் கோயில் எழுப்பினார்கள். பக்கத்திலேயே பெரிய குளியல் மண்டபம் கட்டினார்கள். குளத்தின் தரையில் நீர் கசியாதிருக்க 45 ஈயத் தகடுகளைப் பதித்தார்கள். அந்தத் தகடுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன, இன்றும் நீர் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அந்த ஊற்றுக்குள் தோண்டியபோது 12,000-க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. அவற்றோடு, சுருட்டி எறியப்பட்ட ஈயத் தகடுகள் சுமார் 130. அவற்றில் என்ன எழுதியிருந்தது தெரியுமா நேயர்களே? சாபம்! குளிக்க இறங்கிய நேரத்தில் கரையில் வைத்த மேலாடையை ஒருவன் திருடிவிட்டான். பறிகொடுத்தவன் போலீஸுக்குப் போகவில்லை, அம்மனுக்கு மனுப் போட்டிருக்கிறான். திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ எஜமானோ, அவனுக்குத் தூக்கம் வரக்கூடாது, பொருள் கோயிலுக்கு வந்து சேர வேண்டும் என்கிற மாதிரியான மனுக்கள். களவு கொடுத்தவர்கள் நம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவதில்லையா? அதே வழக்கம்தான். இவை பெரும்பாலும் சாதாரண மக்கள் எழுதியவை. பெரிய தூண்களைவிட இந்தச் சின்னத் தகடுகளைத்தான் நான் நின்று பார்க்கச் சொல்வேன். மழைக்கு ஒரே ஒரு மேலாடை வைத்திருந்தவனின் வயிற்றெரிச்சல் அதில் இருக்கிறது.

ஊற்றுக்கு அருகில் பம்ப் ரூம் என்ற மண்டபம் உள்ளது. அங்கே அந்த நீரை ஒரு கோப்பை வாங்கிக் குடிக்கலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட தாதுக்கள் கலந்த நீர். வெதுவெதுப்பாக, இரும்புச் சுவையோடு இருக்கும். ஒரு மடக்கு போதும் என்று பலர் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

மாலையில் மேட்டுப் பகுதிக்கு நடந்தால் ராயல் கிரசண்ட் என்ற பிறை வடிவ வீட்டு வரிசையைப் பார்க்கலாம். 1767-இல் தொடங்கி 1774-இல் முடிந்த 30 வீடுகள். முன்பக்கம் ஒரே அரண்மனை போலத் தோன்றும். பின்பக்கம் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முகப்பை மட்டும் ஒரே மாதிரி கட்டி, பின்புறத்தை வாங்கியவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எதிரே உள்ள பொதுப் பூங்காவின் புல்வெளியில் உட்காரக் காசு வேண்டாம். கட்டுச்சோறு அவிழ்க்க அதைவிட நல்ல இடம் அந்நகரில் இல்லை.

வீடுகள் கட்டப்பட்ட அந்த 18-ஆம் நூற்றாண்டில்தான் இங்கிலாந்தின் பணக்காரர்கள் ஓய்வெடுக்க இங்கே குவிந்தார்கள். பகலில் குளியல், மாலையில் தேநீர், இரவில் நடனமும் சூதாட்டமும். அந்தச் செல்வமெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலையில் லான்ஸ்டவுன் குன்றின் மேல் நிற்கும் பெக்ஃபோர்ட் கோபுரத்துக்குப் போக வேண்டும். 1827-இல் கட்டப்பட்டது, ஏறிச் செல்ல 154 படிகள். கட்டியவர் வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்காரர். சிறு வயதிலேயே தந்தையின் சொத்துக்கு வாரிசானவர். சொத்து எது? ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். தோட்டக்காரர் பெக்ஃபோர்டோ வாழ்நாளில் ஒரு முறைகூட ஜமைக்காவில் கால் வைக்கவில்லை. உழைப்பு அங்கே, ஓய்வு இங்கே.

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அதற்காக இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அது போனது அடிமைகளுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதன் பிறகு கரும்பு வெட்டக் கைகள் வேண்டுமே? 1834 முதல் மொரிஷியஸுக்கும், 1838 முதல் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பல் ஏற்றினார்கள். நம் நாட்டிலேயே, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டது அதே நூற்றாண்டில்தான். கித்தா மரம் வந்தது அதற்கும் பிந்தித்தான். ஆகவே அந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்று பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு அது முற்றிலும் அந்நியக் கதையாக இராது.

பணக்காரர் வந்த ஊருக்கு ஏழை நோயாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காக 1738-இல் ஒரு தர்ம மருத்துவமனை தொடங்கப்பட்டு, 1742-இல் கட்டடம் திறக்கப்பட்டது. வெளியூர் ஏழைகள் சொந்த ஊர்க் கடிதத்தோடு வர வேண்டும். முன்பணமும் கட்ட வேண்டும். எதற்கு? குணமானால் ஊர் திரும்பும் செலவுக்கு. இறந்தால் அடக்கச் செலவுக்கு. கடுமையான விதிதான். ஆனாலும் கை கால் விளங்காமல் தூக்கி வரப்பட்டவர்களில் பலர் நடந்தே திரும்பினார்கள். அதெப்படி என்று பிற்கால மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் வர்ணம் பூசுவோர், குழாய் வேலை செய்வோர் போன்றோர் பலர். தொழிலில் புழங்கிய ஈயம் உடம்பில் ஏறி நரம்புகளைக் கெடுத்திருந்தது. கழுத்தளவு நீரில் நெடுநேரம் உட்காரும்போது நீரின் அழுத்தம் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. சிறுநீர் மிகுதியாகப் பிரிகிறது. அதோடு ஈயமும் வெளியேறுகிறது. 1980-களில் சோதனை செய்து இதனை உறுதிப்படுத்தினார்கள். வேலையால் வந்த நோய் என்று அக்காலத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த மருத்துவமனை 2019-இல் நகரின் பெரிய மருத்துவமனை வளாகத்துக்கு மாறிவிட்டது.

சரி, குளிப்பது எப்போது என்று கேட்பீர்கள். ரோமானியக் குளத்தில் குளிக்க முடியாது. நீரைத் தொடவும் கூடாது. 1978-இல் அந்த ஊற்று நீர் நிரப்பிய குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளைக் காய்ச்சலால் இறந்துபோனாள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத அமீபா என்ற உயிர், மூக்கு வழியாக மூளைக்குப் போய்விட்டது. குளங்களில் குளிப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் பூமிக்குள் ஆழமாகத் துளையிட்டுச் சுத்தமான நீரை எடுத்து, 2006-இல்தான் புதிய குளியல் கூடம் திறந்தார்கள். அதன் கூரையின் மேலேயே ஒரு குளம் உண்டு. சுமார் 33 பாகைச் சூட்டில் நீர் நிற்கும். அந்தி நேரத்தில் ஆவி பறக்க அதில் அமர்ந்து நகரைப் பார்க்கலாம். கட்டணம் சற்று அதிகம்தான்.

தாய்மார்களே, இங்கே ஒரு வார்த்தை. நம் நாட்டு வெந்நீர் ஊற்றுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், தலையை முக்கி விளையாட விடாதீர்கள். மூக்கில் நீர் ஏறக் கூடாது. அந்த நோய் மிக அரிது; ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். இனிப்பு நீர் வியாதி உள்ளவர்களுக்குக் கால் மரத்திருக்கலாம், சூடு உறைக்காது. வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஞாயிறு மாலை ரயிலுக்கு நேரம் இருந்தால் ரோமானியக் குளத்துக்குத் திரும்பி, அதன் வடிகாலைப் பாருங்கள். ரோமர்கள் கட்டிய கால்வாய் அது. ஊற்றில் மிகுந்த நீர், ஆவி பறக்க, இன்றும் அதன் வழியாகத்தான் ஏவன் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.