மண்ணுக்கு மேலா, மண்ணுக்குக் கீழா?



கடல்கடந்த மாநகரொன்றின் தொடர்வண்டிச் சிக்கல், தமிழுணர்வாளர் கூடிய அவையில் ஏன் பேசப்படவேண்டும் என்னும் வினா சிலர் உள்ளத்தே எழலாம். 1983-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்ட பின்னர், உயிர் ஒன்றையே உடைமையாகக் கொண்டு வெளியேறிய ஈழத்தமிழர் பல்லாயிரவர் சென்று கரையேறிய ஊர்களுள் தலையாயது கனடா நாட்டின் தொரண்டோ மாநகர். அம்மாநகரின் கீழ்த்திசைப் பகுதிக்கு இசுகார்பரோ என்று பெயர். ஆங்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் உண்டு. தமிழ் வகுப்புகள் உண்டு. விடியுமுன் பனியில் நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் தமிழ்த் தாய்மாரும் உண்டு. அத்தாய்மார் எவ்வகை வண்டியில் ஏறிச் செல்வது என்பது பற்றித்தான் அந்நகரத்தார் ஆண்டுக்கணக்கில் சொற்போர் நிகழ்த்தினர். போர் முடிந்தது. அவர்தம் தெருவுக்கு வண்டிதான் இன்னும் வந்தபாடில்லை.

போர், இருவகை வண்டிகள் பற்றியது. ஒன்று நிலத்தடித் தொடர்வண்டி. மண்ணைக் குடைந்து வழியமைத்து ஓட்டப்பெறுவது. தொரண்டோவில் 1954-ஆம் ஆண்டிலேயே அது தோன்றிவிட்டது. கனடாவின் முதல் நிலத்தடி வழி அதுவே. மற்றொன்று, தெருவின் நடுவே தனக்கெனப் பிரித்தொதுக்கிய தடத்தில் மின்னாற்றலால் ஓடுவது. வேண்டுமிடத்து மண்ணுக்கடியிலும் பாலத்தின் மேலும் செல்லவல்லது. சென்னையில் 1953 வரை ஓடிய திராம் வண்டியின் வழிவந்ததே எனினும், அதுபோல் மற்ற ஊர்திகளின் நெரிசலில் சிக்கித் தவிக்க வேண்டுவதன்று. இதனை ஆங்கிலத்தார் 'லைட் ரெயில்' என்பர். தமிழில் மென்தொடர்வண்டி எனலாம்.

கேடு இச்சொல்லில்தான் தொடங்கிற்று. 1972-இல் அமெரிக்க நடுவணரசின் போக்குவரத்துத் துறையார் இதனை வழக்குக்குக் கொணர்ந்தனர். செருமானியரோ அத்தகைய வண்டியை 'நகரத் தொடர்வண்டி' எனப் பொருள்படும் தம் தாய்மொழிச் சொல்லால் வழங்கிவந்தனர். அதனை அவ்வாறே பெயர்த்திருப்பின் தீங்கொன்றும் இல்லை. அமெரிக்கர் 'மென்மை' என்னும் அடையைச் சேர்த்தனர். பெருந்தொடர்வண்டியினும் குறைந்த தொகையினரை ஏற்றுவது என்பதே அவர் கருதிய பொருள். வண்டி நொய்யது என்பதன்று. மக்கள் செவியிலோ அது 'இளப்பமானது' என்றே விழுந்தது. நடு நகரத்தார்க்குப் பெரிய வண்டி, புறநகரத்தார்க்குச் சிறிய வண்டியா என்று இசுகார்பரோ மக்கள் கொதித்தெழுந்தனர். ஒரு சொல்லின் அடைமொழி ஒரு நகரின் தலையெழுத்தை மாற்றும் என்றால், சொல்லாக்கம் வேலையற்றோர் விளையாட்டு என்று இங்கே எள்ளி நகையாடுவோர் என் சொல்வர்?

ஆயினும், இசுகார்பரோ மக்களின் சினம் வெறுஞ்சொல்லால் மட்டும் விளைந்ததன்று. அதற்குப் பழங்கணக்கு ஒன்று உண்டு. நிலத்தடி வழி 1980-இல் கென்னடி நிலையம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மென்தொடர்வண்டி விடுவதென்றே முதற்கண் முடிவாயிற்று. அப்பொழுது ஒன்றாரியோ மாநில அரசின் நிறுவனமொன்று புதுவகைப் பொறியால் இயங்கும் வண்டியொன்றை வடிவமைத்து வைத்திருந்தது. அதனை உலகுக்கு விற்கக் காட்சிப்பொருளொன்று வேண்டியிருந்தது. நகரத்தார் கேட்ட வண்டியைத் தள்ளிவிட்டுத் தன் வண்டியைத் தலையில் கட்டிற்று மாநில அரசு. 1985-இல் 6.4 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஆறு நிலையங்களோடு அது திறக்கப்பட்டது. கடும்பனி பொழிந்தபோதெல்லாம் ஓட்டம் நின்றது. இதே வகை வண்டி வான்கூவர் நகரில் மேன்மேலும் நீட்டப்பெற்றுச் செழித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே பேணினர், இங்கே கைவிட்டனர். பனி விழும் காலையில் கென்னடியில் ஒரு வண்டியினின்று இறங்கி, படியேறி, மற்றொரு வண்டிக்கு ஓடுதல் இசுகார்பரோவார்க்கு நாள்தோறும் நேர்ந்த மானக்கேடு. பின்னர், செப்பர்டுத் தெருவின் அடியே இசுகார்பரோ நடுவம் வரை வருவதாகச் சொல்லப்பட்ட நிலத்தடி வழியோ, 2002-இல் 5.5 கிலோமீட்டரோடு, இசுகார்பரோ எல்லையைத் தொடாமலே நின்றது.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. இசுகார்பரோ முன்னர்த் தனி நகரவை உடையதாய் இருந்தது. மாநில அரசு ஆறு நகராட்சிகளை ஒன்றாகப் பிணைக்க முனைந்தபோது, 1997-இல் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஒப்போலையிட்டோருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் 'வேண்டா' என்றனர். வேண்டா என்றதையே 1998-ஆம் ஆண்டின் முதல் நாளில் அரசு செய்தது. 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின்படி நகராட்சிகள் மாநிலத்தின் கையில் உள்ளவை; கேட்பார் இல்லை. 2018-இல் நகரவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும் பொழுதே 47 இடங்கள் 25 ஆக வெட்டப்பட்டன. கனடாவின் உச்ச முறைமன்றமும் 2021-இல் அது செல்லும் என்றது. தன் ஊரின் தெருவைத் தானே ஆளவியலாத மக்களுக்குத் தன் ஊரின் வண்டியைத் தேரும் உரிமை எங்ஙனம் கிட்டும்?

இப்பின்னணியில் நிகழ்ச்சிகளைக் காண்க. 2007 மார்ச்சுத் திங்களில் நகரத் தலைவர் தேவிட் மில்லர், ஏழு மென்தொடர்வண்டி வழிகளை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவுக்கு அமைக்கும் திட்டத்தை வெளியிட்டார். அவற்றுள் செப்பர்டுக் கிழக்கு வழியும், தமிழர் மிக்கு வாழும் மால்வெர்ன் வரை செல்லும் வழியும் இசுகார்பரோவுக்கு உரியவை. செப்பர்டு வழிக்கு 2009 திசம்பரில் பணியும் தொடங்கிற்று. 2010 தேர்தலில் வென்ற இராபு போர்டு, பதவியேற்ற அன்றே அத்திட்டம் முடிந்தது என்றார். தெருவைத் தொடர்வண்டிக்குப் பகிர்வது மகிழுந்தின்மேல் தொடுக்கும் போர் என்பது அவர் கருத்து. நிலத்தடி, நிலத்தடி, நிலத்தடி என்பதே அவர் முழக்கம். 2012 பிப்பிரவரியில் நகரவை அவரை எதிர்த்து 25-க்கு 18 என மென்தொடர்வண்டியை மீட்டது. கென்னடிக்கு அப்பால், பழைய வண்டிக்கு மாற்றாக ஏழு நிலையங்கள் கொண்ட மென்தொடர்வழி. செலவு ஏறத்தாழ 180 கோடித் தாலர். முழுச் செலவும் மாநில அரசினுடையது. 2020-ஐ ஒட்டி ஓடத் தொடங்கும். உடன்படிக்கையும் ஒப்பமாயிற்று.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழாயிற்று. 2013 கோடையில் இசுகார்பரோவில் ஓர் இடைத்தேர்தல். மென்தொடர்வண்டிக்குப் பணம் தருவதாக ஒப்பமிட்ட அதே ஆளுங்கட்சி, தன் வேட்பாளரை நிலத்தடி வண்டியின் காவலர் என்று முழக்கி ஒப்போலை கேட்டது, வென்றது. அக்குதோபரில் நகரவை 24-க்கு 20 என மூன்று நிலைய நிலத்தடி வழிக்கு மாறிற்று. இதற்கென நகரத்தார் வீட்டுவரி 1.6 விழுக்காடு உயர்த்தப்பட்டது. மாநிலம் முழுதும் தரவிருந்ததை விட்டுத் தம் கைப்பணத்தையும் கொட்டி, குறைந்த நிலையங்களை வாங்கிய வணிகம் அது! மூன்று நிலையம் 2016-இல் ஒரே நிலையமாகச் சுருங்கிற்று. அவ்வொன்றுக்கே 335 கோடித் தாலர் என்று 2017-இல் கணக்குச் சொன்னார்கள். 2019-இல் தக் போர்டின் மாநில அரசு நிலத்தடி வழிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மீண்டும் மூன்று நிலையம் என்றது, 7.8 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 550 கோடித் தாலர்.

நிலத்தடி வண்டி தீயதா? அன்று. மக்கள் வெள்ளம் பெருகும் இடத்தில் அதற்கு ஈடில்லை. நெரிசல் வேளையில் ஒரு திசையில் மணிக்கு ஏறத்தாழ 30,000 பேரைச் சுமக்கவல்லது. 2016-இல் நகர அலுவலர் அவ்வொற்றை நிலைய வழிக்குக் கணித்த தொகையோ 7,300. அத்தொகையை மென்தொடர்வண்டி இடர்ப்பாடின்றி ஏற்கும். ஆழக் கிணறு வெட்டி ஒரு குடம் நீர் முகப்பது செல்வன் செய்யும் பெருமைச் செயலாகலாம். நீர் வேண்டி நிற்பவன் செயலாகாது.

மென்தொடர்வண்டியாளரும் குறையற்றவர் அல்லர். எக்ளிண்டன் தெருவில் 19 கிலோமீட்டர் வழிக்கு 2011-இல் தொடங்கிய பணி 2020-இல் முடியும் என்றனர். அதன்பின் ஐந்தாண்டுகள் கழிந்தும் திறக்கப்படாமலே கிடந்து, 2026-இல்தான் திறக்கப்பட்டது. அவ்வழியின் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் செல்வது என்பதை மறத்தலாகாது. 2025 திசம்பரில் திறந்த பிஞ்சு மேற்கு வழியில் முதல் நாளிலேயே வண்டி ஊர்ந்தது. தனித்தடம் தந்தவர்கள் தெருச்சந்தி விளக்குகளில் அதற்கு முந்துரிமை தரத் துணியவில்லை. மகிழுந்துக்கு அஞ்சிக்கொண்டே தொடர்வண்டி விடுவோர், மக்கள் நிலத்தடியை நாடுவதற்காக அவர்களை நொந்துகொள்வது எவ்வகையிலும் பொருந்தாது. தமிழருள்ளும் நிலத்தடி வழியை விரும்பியோர் உளர். அவர்கள் கேட்டது குடைவழியையன்று, மதிப்பை. அம்மதிப்பைத் தருவதாகச் சொல்லித் தேர்தல் தோறும் அவர்களிடம் ஒப்போலை பெற்றவர்களையே கேள்வி கேட்டாகவேண்டும்.

2023 சூலை 24-ஆம் நாள் மாலை, முப்பத்தெட்டாண்டு ஓடித் தேய்ந்த அப்பழைய வண்டியின் கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டது. ஐவர் காயமுற்றனர். அவ்வாண்டு நவம்பரில் நிறுத்தப்படவிருந்த வண்டி அன்றே நின்றது; மீண்டும் ஓடவில்லை. ஏழு நிலைய மென்தொடர்வழி சொன்னபடி அமைந்திருப்பின், அன்று அது மூன்றாண்டு அகவை எய்தியிருக்கும். பணி தொடங்கிய நிலத்தடி வழியோ இன்னும் மண்ணுக்குள் குடைந்துகொண்டிருக்கிறது. அதுவரை கென்னடிக்கு அப்பால் பேருந்துதான். பழைய இருப்புப்பாதையின் ஒரு பகுதியையும் பேருந்துத் தடமாக்க முடிவு செய்துவிட்டனர். கைவிட்ட மென்தொடர்வழியில் செண்டெனியல் கல்லூரிக்கென ஒரு நிலையம் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று நிலைய வழியில் அது இல்லை. மால்வெர்னுக்கு 2007-இல் வரைந்த வழி, பெயரும் வடிவும் மாறி, இன்றும் வரைதாளிலேயே கிடக்கிறது.