கழற்றினால் டேப், மாட்டினால் லேப்டாப்: நாலாவது வருஷத்துக் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் திருநெல்வேலிக் கம்ப்யூட்டர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். மேலப்பாளையத்திலிருந்து வரும் குடும்பங்களில் பல, பீடிக் கூலியிலும் சிறு வியாபாரத்திலும் மிச்சம்பிடித்த பணத்தோடுதான் கடைப்படி ஏறுகின்றன. அவர்கள் கண்ணில் சட்டென்று படுவது, திரையை மட்டும் தனியே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் டூ-இன்-ஒன். கழற்றினால் டேப், மாட்டினால் லேப்டாப். ஒரு காசுக்கு இரண்டு சாமான் என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். 50 ஆயிரம், 60 ஆயிரம் கொடுத்து வாங்குகிறவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. 15 ஆயிரத்துக்கும் 25 ஆயிரத்துக்கும் இடையில் கிடைக்கும் மலிவு வகையைப் பற்றியே பேசுகிறேன். பட்டப்படிப்புக்கு மூன்று வருஷம், பொறியியலுக்கு நாலு வருஷம். இந்த விலைக்குக் கிடைக்கிற சாமானை வாங்குகிற நாளில் எடைபோடாமல், படிப்பு முடிகிற வருஷத்தில் அது எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், வீட்டுக்கு ஒரே கணினியாக இதை வாங்குவது பெரும்பாலும் நஷ்டம் என்பதே என் கட்சி.

கணினியின் மூளை, பேட்டரி, திரை மூன்றும் சாதாரண லேப்டாப்பில் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். கனமெல்லாம் கீழ்ப்பாதியில் இருப்பதால் திரையை எவ்வளவு சாய்த்தாலும் அது கவிழாது. கழற்றி மாட்டுவதில் எல்லாமே திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. மேல்பாதி கனம், கீழ்ப்பாதி லேசு. கவிழாமல் நிற்க வேண்டுமானால் பின்னால் ஒரு முட்டுக்கால் வைக்க வேண்டும், அல்லது கீபோர்டையே கனமாகச் செய்ய வேண்டும். 2013-இல் வந்த ஏசஸ் டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100, இந்த வகையில் ஓரளவு பேர் வாங்கியது. அதன் திரைப்பாகம் ஏறக்குறைய 550 கிராம். கீபோர்டையும் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அதாவது கையில் லேசாக இருக்கிறது என்ற பெருமை, கீபோர்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவரைதான். முட்டுக்கால் வகையிலோ வேறொரு தொல்லை. தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்து எழுதும் பழக்கம் உள்ள நம் வீடுகளில் அந்தக் கால் ஊன்ற இடம் இருக்காது. மேசை நாற்காலி போட்ட வீட்டை நினைத்துச் செய்த பொருள் அது.

இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். சரியாகாதது உள்ளே இருக்கிறது. 2015-இல் மைக்ரோமேக்ஸ் நிறுவனம் கேன்வாஸ் லேப்டேப் என்று ஒன்றை 14,999 ரூபாய்க்கு விற்றது. 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் செயலி, 2 ஜி.பி. ரேம், 32 ஜி.பி. சேமிப்பு, அதில் விண்டோஸ் 8.1. அந்த விலைக்கு விண்டோஸ் ஓடும் தொடுதிரை என்பது அன்றைக்குச் சாதாரணக் காரியமில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 32 ஜி.பி.யில் பாதிக்கு அருகே விண்டோஸே எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் பாடங்களும் படங்களும் சேர்ந்த பிறகு, பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும்போது அதை இறக்கி விரிக்க இடம் போதாது. இந்த ரகக் கணினிகளில் பலவும் கெட்டுப்போகாமலே பயனற்றுப் போனது இப்படித்தான். திரையும் நன்றாக இருக்கும், பேட்டரியும் ஓரளவு நிற்கும், மென்பொருள் மட்டும் முன்னே நகராது. விண்டோஸ் 8.1-க்கான ஆதரவு 2023 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10-க்கு மாறிக்கொண்டவர்களுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் வேண்டும். இன்று மலிவு விலையில் விற்கிற விண்டோஸ் டூ-இன்-ஒன் பலவற்றின் அளவு சரியாக அந்த 4-ம் 64-ம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய குறைந்தபட்சத்தை வாங்கினால், அடுத்த முறை மைக்ரோசாஃப்ட் அளவை உயர்த்தும்போது நாம் அதற்குக் கீழே நிற்போம்.

சாதாரண லேப்டாப்பும் பழசாகத்தானே செய்யும் என்று கேட்கலாம். பழசாகும், ஆனால் பெரும்பாலானவற்றின் அடிமூடியைத் திறக்க முடியும். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு அரசு நிறுவனமான எல்காட் வழியாக லேப்டாப் போய்ச் சேர்ந்தது. அவற்றைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் குறைவு. ஆனாலும் வேகம் குறைந்தால் ரேம் ஒன்று கூடுதலாகப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இந்த வேலைக்குச் சென்னை வரை போக வேண்டாம். நம் ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பையனே செய்துவிடுவான். மலிவு டூ-இன்-ஒன்னில் ரேமும் சேமிப்பும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பேட்டரியைத் திரைக்கு அடியில் ஒட்டியிருப்பார்கள். திறக்கும்போதே கண்ணாடி விரிசல் விடலாம். கீபோர்டைத் திரையோடு இணைக்கும் சின்ன உலோக முனைகளோ, தினமும் கழற்றி மாட்டுவதால் தேயும். அந்த மாடலின் கீபோர்டு கடையிலிருந்து மறைந்த பிறகு, கையில் மிஞ்சுவது மந்தமான ஒரு டேப் மட்டுமே.

அதன் நல்ல பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விசிறி கிடையாது. சத்தமில்லை, தூசி இழுப்பதில்லை, கரண்ட் குறைவாகக் குடிக்கும். மின்சாரம் போன நேரத்தில் ஒரு பவர் பேங்க்கில் தாக்குப்பிடிப்பவையும் உண்டு. வாசிப்பதற்கு இது லேப்டாப்பைவிட மேல்: பாடநூல் பக்கத்தை நெடுக்காகப் பிடித்து முழுதாகப் படிக்கலாம். வீடியோ வகுப்புக்குச் செல்போன் திரையைவிடக் கண்ணுக்குச் சுகம். ஒரு பக்கம் உம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்க, அதே அறையின் இன்னொரு மூலையில் பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கும் வீட்டில், இடத்தை அடைக்காத ஒரு கருவிக்கு மதிப்பு உண்டு. விசிறியில்லாததற்கு ஒரு விலையும் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அறையே காய்ந்து கிடக்கும்போது, சூட்டைத் தாங்கிக்கொள்ள செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே மெதுவான கருவி இன்னும் மெதுவாகும்.

இங்கே கெட்டிக்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: குறையெல்லாம் விண்டோஸ் வகைக்குத்தான், ஆண்ட்ராய்டு டேப்போடு கீபோர்டு சேர்த்து வாங்கினாலோ, குரோம்புக் வகையை வாங்கினாலோ தொல்லையில்லையே என்று. பாதி உண்மை. லெனோவோவின் டூயட் குரோம்புக் 2020-இல் வந்தபோது 4 ஜி.பி. ரேமிலேயே சரளமாக ஓடியது. கீபோர்டும் முட்டுக்கால் மூடியும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு குரோம்புக் மாடலுக்கும் எந்த மாதம் வரை புதுப்பிப்பு வரும் என்று கூகுள் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கிற பிள்ளைக்கு டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருள் வேண்டும்; அது விண்டோஸில் ஓடுவது. கணினி அறிவியல் படிக்கிறவருக்கு நிரல் எழுதிப் பார்க்கும் மென்பொருள்கள் தடையில்லாமல் ஓட வேண்டும். பொறியியல் வரைபடத்துக்கு 10 அங்குலத் திரை எந்த மூலைக்கு? தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கூடக் கடைசியில் நூறு பக்க ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தாக வேண்டும். தமிழ்99 விசைப்பலகை முறையில் வேகமாக அடித்துப் பழகிய கைக்கு, நெருக்கிப் பதித்த சின்ன விசைகள் பெரிய இடைஞ்சல். படிப்பதற்கு வாங்கிய கருவி எழுதும்போது கைவிடுகிறது. மதிப்பெண்ணோ எழுதியதற்குத்தான் கிடைக்கிறது.

தமிழக அரசே இந்தக் கேள்வியின் முன்னால் நின்றது. 2025 மார்ச் 14-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்து, அந்த ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். "அல்லது" என்ற சொல் அறிக்கையில் இருந்தது. 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கியபோது மாணவர் கைக்கு வந்தது மடிக்கணினி: 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மொத்தமாக வாங்குகிற அரசுக்குக் கிடைக்கும் விலை நமக்குக் கிடைக்காது என்பது சரி. ஆனாலும் அந்த 8-ம் 256-ம் தனியாக வாங்குகிறவர்களுக்கும் நல்ல அளவுகோல். புதுசுக்குக் காசு போதாவிட்டால், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய லேப்டாப்பைச் சோதித்து, உத்தரவாதத்தோடு விற்கிற கடைகளில் அதே 20 ஆயிரத்துக்கு இந்த அளவு கிடைக்கக்கூடும். பேட்டரி களைத்துப்போயிருக்கும், கனமும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டலாம். பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், கனத்தைச் சுமந்துகொள்ளலாம். 4 ஜி.பி. ரேமை நாலாவது வருஷத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் கழற்றி மாட்டுவதை யார்தான் வாங்கலாம்? கல்லூரியில் படிக்கிற ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு லேப்டாப் வந்துவிட்ட வீட்டில், பள்ளியில் படிக்கிற தம்பி தங்கைக்கு இரண்டாவது கருவியாக வாங்கலாம். எழுத்து வேலை அவர்களுக்குக் கொஞ்சம்தான், வாசிப்பும் வீடியோவும் அதிகம். வாங்கும்போது கீபோர்டு விலையில் அடக்கமா என்று கேளுங்கள், ஏனென்றால் விளம்பரத்தில் படம் இரண்டுக்கும் இருக்கும், விலை ஒன்றுக்குத்தான் போட்டிருக்கும். புதுப்பிப்பு எந்த வருஷம் வரை என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் கடையில் தெளிவான பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்குக் கீபோர்டே இல்லாத சாதாரண டேப் போதுமா என்று யோசிக்கலாம், விலையும் குறையும்.