விமானத்திலிருந்து புகைவண்டிக்கு

நெடும்பயணம் செல்கிறவன் நடுவழியில் தவறுவது அரிது. பல ஆயிரம் கிலோ மீட்டர் தொலைவை விமானம் அவனைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுகிறது. அவன் செய்ய வேண்டியது இருக்கையில் அமர்ந்திருப்பது ஒன்றுதான். விமானத்தை விட்டு இறங்கிப் புகைவண்டி ஏறுவதற்குள் இருக்கிறதே அந்தச் சிறிய இடைவெளி, அங்கேதான் அவனுடைய அறிவுக்கும் பொறுமைக்கும் சோதனை வருகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சீன நாட்டின் ஷாங்காய் நகரத்தில் 2017-ஆம் ஆண்டு நான் பட்டதையும், அதன் பின்னர் அறிந்துகொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தமக்கையின் மகன் அப்போது ஹாங்சோ நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். ஷாங்காயிலிருந்து ஹாங்சோ விரைவு வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அவனுக்குக் குடலிறக்கம் கண்டு, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். மருத்துவர்கள் அதைச் சிறிய சிகிச்சை என்றுதான் சொன்னார்கள். ஆனால் மொழி தெரியாத ஊரில் தனியே படுத்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் சிறியதன்று. என் தமக்கைக்கு உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. என்னை அழைத்து, "தம்பி, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நீ அவன் பக்கத்தில் இருந்தால் போதும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு நான் புறப்பட்டேன்.

ஷாங்காய் நகரத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் ஊடே ஹுவாங்பு என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பகுதிக்குப் புடோங் என்று பெயர். அந்தச் சொல்லின் பொருளே 'ஹுவாங்புவின் கிழக்கு' என்பதுதான். வெளிநாட்டு விமானங்களிற் பெரும்பாலானவை வந்திறங்கும் பெரிய விமான நிலையம் இந்தப் புடோங்கின் கடலோரத்தில், 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்குக் கோடியில் ஹொங்ச்சியாவ் இருக்கிறது. 'வானவில் பாலம்' என்பது அப்பெயரின் பொருள். அங்கே ஒரு விமான நிலையமும், அதை ஒட்டினாற்போல் 2010-இல் திறக்கப்பட்ட மாபெரும் புகைவண்டி நிலையமும் உள்ளன. ஹாங்சோ, சூசோ, நான்ஜிங் முதலிய ஊர்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளிற் பெரும்பாலானவை இங்கிருந்தே புறப்படுகின்றன. ஆகவே, நாம் இறங்குமிடம் நகரத்தின் கிழக்குக் கோடி. வண்டி ஏறுமிடம் மேற்குக் கோடி. இரண்டுக்கும் நடுவே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் முழுவதும் கிடக்கிறது.

நான் புடோங்கில் இறங்கியபோது காலை ஏழரை மணி. கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பதினொரு மணிக்கு எனக்கு வண்டி. பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சிகிச்சை. பையன் எல்லாவற்றையும் முன்னதாகவே கணக்கிட்டு, எனக்கு இடம் பதிவு செய்து, பதிவு எண்ணையும் அனுப்பியிருந்தான். "மாமா, விமான நிலையத்திலேயே சுரங்க ரயிலின் 2-ஆம் எண் தடம் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் வண்டி மாற வேண்டும். மெதுவாகத்தான் போகும், ஆனால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும்" என்று சொல்லியிருந்தான்.

நான் அதைக் கேட்கவில்லை. காரணம், காந்த வண்டி. தண்டவாளத்தைத் தொடாமல் காந்த விசையினால் மிதந்து செல்லும் அந்த வண்டியைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். ஜெர்மானியத் தொழில் நுட்பத்தைக் கொண்டு அமைத்து, 2002-ஆம் ஆண்டின் கடைசி நாளில் முதல் ஓட்டம் விட்டார்கள். 30 கிலோ மீட்டர் தூரத்தை எட்டு நிமிடத்திற்குள் கடக்கும். அந்நாளில், குறித்த சில நேரங்களில் மணிக்கு 431 கிலோ மீட்டர் வேகம்கூட எட்டும். நேரம் நெருக்குகிறவன் கண்முன் இப்படியொரு வண்டி நின்றால் அவன் வேறு எதை நினைப்பான்? ஏறி அமர்ந்தேன். வயல்களும் வீடுகளும் சன்னலோரத்தில் கோடுகளாகக் கரைந்தன. ஹாங்சோவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாற்போன்ற ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று.

எட்டு நிமிடம் கழித்து வண்டி நின்றது. அது லோங்யாங் சாலை என்னுமிடம். தடம் அங்கே முடிந்துவிடுகிறது. அது விமான நிலையமுமன்று, விரைவு வண்டி நிலையமுமன்று. ஆற்றைக்கூட இன்னும் தாண்டவில்லை. அத்தடத்தை ஹொங்ச்சியாவ் வரைக்கும், அதற்கப்பால் ஹாங்சோ வரைக்கும் நீட்டுவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். வழியோரத்துக் குடியிருப்பு மக்கள் 2008-இல் அதை எதிர்த்தார்கள், தடம் நீளவில்லை. உலகத்தின் மிக விரைவான வண்டி என்னைப் பாதி ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அங்கே நான் இரண்டாவது தவற்றைச் செய்தேன். ஒரு வாடகைக் காரில் ஏறி, வழியில் மனப்பாடம் செய்துவைத்திருந்த சீனச் சொல்லைச் சொன்னேன்: "ஷாங்காய் ஹுவோ ச்சே சான்." புகைவண்டி நிலையம் என்று பொருள். நாம் அந்த ஊர்தியின் புகையைப் பார்த்துப் புகைவண்டி என்று பெயரிட்டோம். சீனர் அதன் அடுப்பைப் பார்த்து 'நெருப்பு வண்டி' என்று பெயரிட்டார்கள். இன்றைய மின்சார வண்டியில் புகையுமில்லை, நெருப்புமில்லை. ஆயினும் இரு மொழியிலும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. சொல்லை ஒழுங்காக உச்சரித்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு. ஓட்டுநரும் தலையசைத்தார். ஆற்றின் அடியே செல்லும் சுரங்கச் சாலையில் நுழைந்து, நெரிசலில் ஊர்ந்து, பத்து மணிக்கு ஒரு பெரிய நிலையத்தின் முன் என்னை இறக்கினார். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்ன இடத்துக்குத்தான் கொண்டுவந்திருந்தார். 1987-இல் திறக்கப்பட்ட, 'ஷாங்காய் நிலையம்' என்றே பெயர் பெற்ற நிலையம் அது.

பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் முன் வரிசையில் நின்று, பதிவு எண்ணையும் கடவுச்சீட்டையும் நீட்டினேன். அங்கிருந்த பெண்மணி சீட்டை அச்சிட்டார். அதைக் கொடுக்குமுன் ஒரு கணம் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, புறப்படும் நிலையத்தின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் நான்கு எழுத்துகள். முதல் இரண்டு எழுத்துகள் அந்தக் கட்டடத்தின் முகப்பிலும் இருந்தன; மற்ற இரண்டு இல்லை. அவை 'ஹொங்ச்சியாவ்'. பையன் அனுப்பிய குறிப்பிலும் அந்தப் பெயர் இருந்தது. அது ஏதோ ஒரு பேட்டையின் பெயர் போலும் என்று கருதி நான் விட்டுவிட்டேன்.

கடிகாரத்தில் மணி பத்தரை. அந்தப் பெண்மணி வேறு வார்த்தை பேசாமல், பன்னிரண்டரை மணி வண்டிக்குச் சீட்டை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் ஒரு தாளில் சுரங்க ரயில் தடத்தின் எண் 1 என்று எழுதி, ஓர் அம்புக்குறி இட்டு, 2 என்று எழுதினார். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 1-ஆம் தடத்தில் மூன்றாவது நிறுத்தமான மக்கள் சதுக்கத்தில் இறங்கி, 2-ஆம் தடத்துக்கு மாறினேன். வண்டிக்குள் கதவின் மேலே நிலையங்களின் வரிசை தீட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கிற்று. பையன் சொன்ன தடம் இதுவேதான். அதில் லோங்யாங் சாலையும் ஒரு நிறுத்தம். காந்த வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே இந்தத் தடத்தில் ஏறியிருந்தாலும், நேரே ஹொங்ச்சியாவில் இறங்கி, பதினொரு மணி வண்டியைப் பிடித்திருப்பேன்.

மருத்துவமனையை அடைந்தபோது மணி இரண்டேகால். அவனை உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உறவினர் கையொப்பமிட வேண்டிய தாளில் அவனே கையொப்பமிட்டுக்கொடுத்ததாக, வாயிலில் காத்திருந்த அவனுடைய வகுப்புத் தோழன் சொன்னான். மாலையில் அவன் கண் விழித்தான். சிகிச்சை நலமாகவே முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி, "எந்த நிலையத்துக்குப் போனீர்கள், மாமா?" என்பதுதான். சொன்னேன். சிரிக்கத் தொடங்கினான், தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டான். என் தமக்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவனே தொலைபேசியை எடுத்து, "மாமா வந்துவிட்டார் அம்மா, இங்கேதான் இருக்கிறார்" என்றான். எப்போது வந்தேன் என்று அவன் சொல்லவில்லை.

அன்பர்களே, இந்தக் கதையைச் சொன்னது என் மனச் சுமையை இறக்கிவைப்பதற்காக மட்டுமன்று. தமிழ்நாட்டிலிருந்து சீனாவுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் பலர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும், வாணிகத்துக்காகச் செல்வோரும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில.

சீனத்துப் பெருநகரங்களில் 'புகைவண்டி நிலையம்' என்று ஒன்று மட்டும் இல்லை. ஷாங்காயிலேயே ஷாங்காய் நிலையம், ஷாங்காய் தெற்கு, ஹொங்ச்சியாவ் என்று பல. பெய்ஜிங்கிலும் குவாங்சோவிலும் அப்படியே. பெரும்பாலும் ஊர்ப் பெயரின் பின்னால் திசையின் பெயர் வரும்: 'டோங்' என்றால் கிழக்கு, 'ஷி' மேற்கு, 'நான்' தெற்கு, 'பெய்' வடக்கு. அந்த ஓர் அசையில் முப்பது கிலோ மீட்டர் ஒளிந்திருக்கலாம். ஆகையால், எப்படிப் போவது என்று கேட்பதற்கு முன்னால், எந்த நிலையம் என்று கேட்டுத் தெளியுங்கள். நிலையத்தின் முழுப் பெயரையும் சீன எழுத்தில் ஒரு தாளிலோ கைப்பேசியிலோ வைத்திருந்து, பேசுவதற்குப் பதிலாக அதைக் காட்டுங்கள்.

நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். சுரங்க ரயிலில் நுழையும்போதும், புகைவண்டி நிலையத்தில் நுழையும்போதும் பெட்டிகளைச் சோதனை செய்வார்கள். வண்டி புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே நடைமேடை வாயிலை அடைத்துவிடுவார்கள். ஓடிவந்து ஏறும் நம்முடைய பழக்கம் அங்கே செல்லாது. இப்போது காகிதச் சீட்டு வழக்கொழிந்துவிட்டது. கடவுச்சீட்டே பயணச்சீட்டாகப் பயன்படுகிறது. இரவில் வெகு நேரம் கழித்து இறங்குவோர் சுரங்க ரயிலை நம்பியிருக்க வேண்டாம். அது நள்ளிரவுக்கு முன்பே ஓய்ந்துவிடும் நாட்கள் மிகுதி.

நான் அன்று தேடிய வழியை அந்த நகரத்தாரும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், புடோங் விமான நிலையத்தையும் ஹொங்ச்சியாவையும் இணைக்கும் தனி ரயில் தடம் ஒன்றைத் திறந்தார்கள். மணிக்கு 160 கிலோ மீட்டர்தான் அதன் உச்ச வேகம். சுரங்க ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல் பிடிக்கும் தூரத்தை அது ஏறத்தாழ 40 நிமிடத்தில் கடக்கிறது. காந்த வண்டியும் ஓடுகிறது. 2021 முதல் அதன் வேகத்தை 300 கிலோ மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

2025-இல் மீண்டும் அந்த ஊருக்குச் சென்றபோது புதிய தடத்தில் பயணம் செய்தேன். மருத்துவனாகிவிட்ட அந்தப் பையன் இப்போது அங்கே இல்லை. எனக்கு எந்த அவசரமும் இல்லை. வண்டி பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே சென்றதால் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹொங்ச்சியாவின் விமான நிலைய முனையத்தில் இறங்கி, கூரையிட்ட வழியாகவே நடந்து புகைவண்டி நிலையத்தை அடைந்தேன். அதன் முகப்பில் நான்கு எழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.